நாலு மணிக்கு வந்த நேரம்

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் (மகள் வயிற்றுப் பேரன், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம்) எங்கள் கணபதி வீட்டு மொட்டை மாடியில் ஒரு பழைய டிஷ்ஷை நிறுத்தி, மருதமலைப் பக்கம் திருப்பி வைத்தான். கேபிள்காரர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன டிஷ்தான். அதன் கம்பியைக் கீழே கொண்டுவந்து, கட்டை விரல் அளவு இருக்கும் ஒரு டாங்கிளில் சொருகி, டாங்கிளை மடிக்கணினியில் மாட்டினான். "இதுதானுங் அப்புச்சி ரேடியோ. மிச்சமெல்லாம் சாஃப்ட்வேர்" என்றான். எஸ்.டி.ஆர். என்கிறார்கள். நான் ரேடியோ பழகிய காலத்தில் வால்வு, காயில், கண்டன்சர் என்று மேஜை முழுக்கப் பரப்பி வைத்துச் செய்த வேலையை இப்போது கணக்குப் போட்டே செய்துவிடுகிறார்கள்.

அவன் பிடிக்கப் பார்த்தது கியூ.ஓ. 100 என்கிற அமெச்சூர் ரேடியோ நிலையம். தனி செயற்கைக்கோள் அல்ல. கத்தார் நாடு 2018 நவம்பரில் ஏவிய எஸ்ஹெயில் 2 செயற்கைக்கோளில் எங்களைப் போன்ற ஹாம்காரர்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு நேர் மேலே நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் மேற்கே, அடிவானத்திலிருந்து சுமார் 30 டிகிரி உயரம். 10,489 மெகாஹெர்ட்ஸ் சுமாரில் பேச்சு கேட்கும்.

கேட்டது. ஆனால் நிற்கவில்லை. யாரோ ஒருவர் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தை தெளிவாக வரும், பிறகு குரல் மெல்ல மேலே ஏறி வாத்துக் கத்துகிற மாதிரி ஆகி ஓடிவிடும். பேரன் மௌஸை வைத்துத் துரத்துவான். வெயிலில் ஒரு மேகம் வந்து மறைத்தால் குரல் வேறு பக்கம் ஓடும். ஒரு மணி நேரம் இந்தக் கூத்து. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஏனென்றால் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே துரத்தலை நானும் துரத்தி, அவமானப்பட்டவன்.

விஷயம் இதுதான். டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி.க்குள் 25 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அதை 390 மடங்கு பெருக்கித்தான் 9,750 மெகாஹெர்ட்ஸ் உண்டாக்கி, வானத்திலிருந்து வருவதை அதோடு கலந்து கீழே இறக்குகிறார்கள். மலிவான படிகம். வெயில் பட்டால் துடிப்பு மாறும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினாலே மேலே சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். மனிதக் குரலுக்கு வேண்டிய இடமோ 3 கிலோஹெர்ட்ஸ் கூட இல்லை. டி.வி. சேனல் அகலமானது, இந்த நகர்தல் அதற்குப் பொருட்டில்லை. பேச்சுக்கு ஆகாது.

ஆக, ரேடியோ எல்லாம் சரி, கடிகாரம் சரியில்லை. இந்த ஒரு வரியைச் சொன்னதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். போத்தனூர்ப் பக்கத்தில்தான் எங்கள் பால்யம். கோயமுத்தூருக்கு ரயில் என்றால் முதலில் போத்தனூர்தான். 1862-ல் மதராஸிலிருந்து மேற்குக் கரை போகிற பாதை அங்கே வந்துவிட்டது. மேட்டுப்பாளையம் பாதை 1873-ல்தான். நான் சின்னப் பையனாக ஸ்டேஷனுக்கு டிபன் கேரியர் கொண்டுபோவேன். சாயங்காலம் நாலு மணி என்றால் அங்கே ஒரு நிமிஷம் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். கம்பி வழியாக நேரம் வரும். இது ரயில்வே விதியிலேயே உண்டு. அரசு நிர்ணயித்த நேரம் தினமும் 16.00 மணிக்கு முக்கியமான ஸ்டேஷன்களுக்கெல்லாம் அனுப்பப்பட வேண்டும். அப்பா சுவர்க் கடிகாரத்துக்கு நேரே நின்றுகொண்டு, சிக்னல் வந்த கணத்தில் முள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு நோட்டில் எழுதுவார். அவ்வளவுதான். உடனே முள்ளைத் தொடமாட்டார். அரை நிமிஷத்துக்கு மேல் போனால்தான் முள். நாலைந்து நாள் ஒரே பக்கமாகப் போனால்தான் பெண்டுலத்துக்கு அடியில் இருக்கும் திருகைக் கொஞ்சூண்டு திருப்புவார். "தெனமும் நோண்டுனா கடியாரம் கெட்டுப் போயிரும்டா" என்பார்.

அந்த நாலு மணி நேரத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை அலுவலக வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 15 அடி உயரம், 10 டன் எடை. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வுக் கூடத்தின் மிச்சம் அது. அதற்கு முன் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் 1786-ல் வைத்திருந்த கூடம்தான் இதற்கு மூலம். மைக்கேல் டாப்பிங் என்பவர் வடிவமைத்தார். தூணில் லத்தீன், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். கம்பெனிக்காரனின் பெருமை அதில் வழிகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

தூண் எதற்கு? அதன் தலையில் தொலைநோக்கியை உட்கார வைத்து, ஒரு நட்சத்திரம் உச்சிக் கோட்டைத் தாண்டுகிற கணத்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிபார்க்க. ஆள் நடந்தால் தரை அதிரும், கதவு சாத்தினால் சுவர் அதிரும். அந்த அதிர்வு தொலைநோக்கிக்குப் போகக் கூடாது என்றால் பத்து டன் கல்தான் வழி. கடிகாரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஆட்டம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இந்த இரண்டும் வேறு வேறு சங்கதி. இதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கே வானவியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் மதராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு, 1802-ல் மதராஸ் நேரத்தை நிறுவினார். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால். இதே மனிதர்தான் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடுகிற பீரங்கியின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையிலான வினாடிகளை எண்ணி எண்ணி ஒலியின் வேகத்தை அளந்தவர். பின்னால் 1861 முதல் 1891 வரை நார்மன் போக்சன் இருந்தார். அவரிடம் வேலை பார்த்த நம்ம ஊர்க்காரர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பாடப் புத்தகத்தில் அவர் பெயரை நான் படித்ததில்லை. என் பேரனும் படித்ததில்லை.

ரயிலும் தந்தியும் வந்ததும் நேரத்துக்குப் பெரிய கிராக்கி வந்துவிட்டது. அதுவரை ஒவ்வொரு ஊருக்கும் அதன் சூரியன்தான் கடிகாரம். கோயமுத்தூரில் சூரியன் உச்சிக்கு வருவது மதராஸைவிடச் சுமார் 13 நிமிடம் தாமதம். பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு வண்டி வருகிறபோது இந்த விளையாட்டு உதவாது. கடைசியில் ரயில்வேக்கள் மதராஸ் நேரத்தை எடுத்துக்கொண்டன. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவே இருந்ததும், தந்தியில் நேரம் அனுப்பக் கூடிய கூடம் இங்கே இருந்ததும் காரணம். அப்படியென்றால் 1906-க்கு முன்னால் போத்தனூர் ஸ்டேஷன் கடிகாரம் நுங்கம்பாக்கத்துத் தூணைப் பார்த்து ஓடியிருக்கிறது. அப்பாவுக்கு இது தெரிந்திருக்குமா என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். கேட்க ஆளில்லை.

1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் கிரீன்விச்சைவிட 5½ மணி முன்னால் என்று ஆனது. மதராஸ்காரர்கள் முள்ளை 9 நிமிடம் முன்னால் தள்ளினால் போதும், தொல்லையில்லை. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தன் நேரத்தை விடவில்லை. நமக்கோ இன்றுவரை சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.22-க்குத்தான். நல்ல நேரம், ராகு காலம் பார்க்கிறவர்கள் இந்த 22 நிமிடத்தை என்ன செய்கிறார்கள் என்று ஒரு ஜோசியரிடம் கேட்டேன். "காலண்டர்ல போட்டிருக்கிறதுதானுங்க" என்றார்.

ஊருக்குள்ளே நேரம் சொன்னது மில் சங்குதான். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு மில் இருக்கும், ஒரு சங்கு இருக்கும். அடுப்பு மூட்டுவது, பள்ளிக்கூடம் கிளம்புவது எல்லாம் சங்கை வைத்து. ஆனால் இரண்டு மில் சங்கு ஒன்றாக ஊதி நான் கேட்டதில்லை. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் வித்தியாசம் இருக்கும். அப்பா ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் பிப் சத்தத்தை வைத்து அன்றைக்கு எந்த மில் கெலித்தது என்று சொல்வார். சரோஜ் நாராயணசாமி குரல் வருவதற்குள் எங்கள் வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்.

இனி என் அவமானம். 1970-களில் நான் டெலிபோன் இலாகாவில் சேர்ந்த புதிது. ஹாம் லைசென்ஸ் வாங்கி, வால்வு வைத்து நானே ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டினேன். நமக்கு 7,000 முதல் 7,100 கிலோஹெர்ட்ஸ் வரை அனுமதி. அதற்கு வெளியே போனால் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. நான் சுவிட்ச் போட்ட உடனே டயலை ஓரத்தில் வைத்துவிட்டு உற்சாகமாக மோர்ஸ் தட்டினேன். வால்வு சூடாகச் சூடாக அலைவெண் நகர்ந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நகரத்தில் இருந்த ஒரு மூத்த ஹாம் எல்லாரும் கேட்கும்படி, மரியாதையாகத்தான், "தம்பி, நீங்க பட்டைக்கு வெளியில இருக்கீங்க, கொஞ்சம் பாருங்க" என்று சொன்னார். ஒரு வாரம் நான் செட்டைத் தொடவில்லை.

பிறகு மதராஸ் மூர் மார்க்கெட்டில் ஒரு பி.சி. 221 அலைவெண் மானி வாங்கினேன். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளம் பயன்படுத்திய சரக்கு. உள்ளே 1,000 கிலோஹெர்ட்ஸ் படிகம், கூடவே அந்த ஒரு பெட்டிக்கென்றே கையால் அளந்து அச்சடித்த அட்டவணைப் புத்தகம். புத்தகம் தொலைந்தால் பெட்டி வீண். அந்தப் படிகத்தை எதோடு ஒப்பிடுவது? டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியில் 10 மெகாஹெர்ட்ஸில் வினாடிக்கு வினாடி டிக் டிக் என்று அனுப்பிக்கொண்டிருந்தது. அதையும் நம் படிகத்தின் பத்தாவது மடங்கையும் ஒன்றாகக் கேட்டால், இரண்டும் பொருந்துகிறபோது இடையில் எழும் முனகல் மெதுவாகி நின்றுவிடும். நின்றால் சரி.

நான் தினமும் ராத்திரி உட்கார்ந்து திருகினேன். ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வருவது. அந்திக்கு மேலடுக்கு நகர்கிறபோது டெல்லியிலிருந்து வரும் துடிப்பே கொஞ்சம் நகர்ந்துதான் வந்து சேரும். மங்கும், ஏறும். பெட்டியும் சூடாகி முடித்திருக்காது. இதையெல்லாம் பார்க்காமல் நல்ல படிகத்தைத் திருகித் திருகி, ஒரு மாதத்தில் அதன் மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது. அந்த மூத்த ஹாமிடமே போய் நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "நோட்டு எங்க?" நோட்டா? "ஒரு மாசம் தெனமும் ஒரே நேரத்துல பாருங்க, எழுதுங்க. திருகத் தொடாதீங்க. மாசக் கடைசியில நோட்டைப் பாத்துட்டு ஒரு தடவை திருகுங்க." வீட்டில் வந்து சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு காலி ரயில்வே நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊட்டிப் பக்கம் முத்தொரையில் மலைச் சரிவில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-ல் இயங்க ஆரம்பித்தது. மலைச் சரிவு 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி, ஆகவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. நிலா ஒரு ரேடியோ விண்மீன் மண்டலத்தை மறைக்கிற கணத்தையும் விடுகிற கணத்தையும் குறித்து அதன் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. நிலா வினாடிக்கு அரை ஆர்க் வினாடி அளவு நகர்கிறது. கடிகாரம் ஒரு வினாடி தவறினால் விண்மீன் மண்டலம் அரை ஆர்க் வினாடி இடம் மாறிவிடும்! நுங்கம்பாக்கத்தில் செய்த அதே வேலை, நட்சத்திரத்துக்குப் பதில் நிலா.

பேரன் கதைக்கு வருகிறேன். அவன் கெட்டிக்காரன். "செயற்கைக்கோள்ல அணுக் கடிகாரம் இருக்குதுங் அப்புச்சி, அதையே எடுத்துக்கலாம்" என்று ஒரு ஜி.பி.எஸ். சில்லை வாங்கி வந்தான். சில நூறு ரூபாய்தான். அணுக் கடிகாரம் என்பது 1955-ல் இங்கிலாந்தில் லூயி எஸ்ஸன் சீசியத்தை வைத்துச் செய்து காட்டியது. 1967-ல் வினாடி என்பதையே சீசியம் அணுவின் 919,26,31,770 துடிப்பு என்று மாற்றி எழுதிவிட்டார்கள். சூரியனுக்கு வேலை போய்விட்டது. திசைகாட்டும் செயற்கைக்கோள்கள் எல்லாம் இந்த மாதிரிக் கடிகாரத்தை நம்பித்தான். பத்து லட்சத்தில் ஒரு பங்கு வினாடி தவறினால் தரையில் 300 மீட்டர் தவறும். நம் இஸ்ரோ 2013-ல் ஏவிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ். 1ஏ-வில் இறக்குமதி செய்த ருபீடியம் கடிகாரம் மூன்று இருந்தன. மூன்றும் பழுதாயின. கோள் நன்றாகத்தான் சுற்றியது, ஆனால் இருக்கும் இடம் சொல்ல உதவவில்லை. பதிலுக்கு 2017 ஆகஸ்டில் அனுப்பியது ராக்கெட்டின் மூடி திறக்காமல் வீணாயிற்று. 2018 ஏப்ரலில் அடுத்தது போய்ச் சேர்ந்தது. 2023 மே 29-ல் ஏவிய என்.வி.எஸ். 01-ல் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் இருக்கிறது. அன்றைக்கு டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் யாருக்கும் காரணம் புரியவில்லை.

பேரன் அந்தச் சில்லு தரும் துடிப்பை நேராக எல்.என்.பி.க்குக் கொடுத்தான். குரல் ஓடுவது நின்றுவிட்டது. ஆனால் தொண்டை கட்டினவன் பேசுகிற மாதிரி ஒரே கரகரப்பு. பையன் முகம் சுருங்கிவிட்டது. "அணுக் கடிகாரமே கொடுத்தும் இப்படியா?"

இங்கேதான் நான் முன்னே சொன்ன இரண்டு சங்கதி. கவலை ஓட்டுகிற மாடு பார்த்த தலைமுறை நம்முடையது. காலையிலிருந்து மதியத்துக்குள் இத்தனை சால் தண்ணீர் என்று கணக்குப் பிசகாது. ஆனால் ஒவ்வொரு நடையும் ஒரே சீராக இருக்குமா? ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். மலிவான ஜி.பி.எஸ். சில்லும் அப்படித்தான். நாள் முழுக்கக் கூட்டினால் அணுக் கடிகாரம், ஆனால் தனித் தனித் துடிப்பில் நடுக்கம். சில்லுக்குள் ஓடும் வேறொரு கடிகாரத்தை வெட்டி ஒட்டி அந்த எண்ணிக்கையை உண்டாக்குகிறார்கள். அந்த நடுக்கம் 390 மடங்கு பெருகிக் கரகரப்பாக வந்து நிற்கிறது. நல்ல குவார்ட்ஸ் படிகம் இதற்கு நேர்மாறு. அடுத்தடுத்த துடிப்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் மெல்ல விலகிப் போகும்.

"எங்கப்பா ஸ்டேஷன்ல என்ன பண்ணுனார் தெரியுமா கண்ணு?" என்று ஆரம்பித்தேன். பெண்டுலம் தன் போக்கில் அமைதியாக ஆட வேண்டும். வெளியிலிருந்து சரியான நேரம் வர வேண்டும். நடுவில் அவசரப்படாத ஒரு ஆள் நோட்டும் கையுமாக நிற்க வேண்டும். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது ஜி.பி.எஸ்.டி.ஓ. தானுங் அப்புச்சி" என்றான். அப்படி ஒரு பெட்டியே விற்கிறதாம். உள்ளே சின்ன அடுப்பில் ஒரே சூட்டில் வைத்த படிகம். அதை ஜி.பி.எஸ். துடிப்போடு ஒப்பிட்டு, பல நிமிஷம் சராசரி பார்த்துவிட்டு, மெல்ல மெல்லத் திருத்தும். அவசரமாகத் திருத்தினால் ஜி.பி.எஸ். நடுக்கம் படிகத்துக்கும் தொற்றிவிடும். ரொம்ப மெதுவாகத் திருத்தினால் படிகம் விலகிவிடும். எவ்வளவு நிதானம் என்பதில்தான் அந்தப் பெட்டி செய்கிறவனின் கைத்திறன்.

பெட்டி வாங்க ஆன பணத்தை நான்தான் கொடுத்தேன், அவன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று. எல்.என்.பி.யைப் பிரித்து, உள்ளிருந்த படிகத்தை எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து 25 மெகாஹெர்ட்ஸைக் கம்பியில் மேலே அனுப்பினான். பற்றவைத்தது நான். கை நடுங்குகிறது, ஆனாலும் பற்று நன்றாகத்தான் பிடித்தது.

பெட்டி சூடாகி நிதானத்துக்கு வர அரை மணி ஆகும் என்றான். அது ஆகட்டும் என்று காபி குடித்தோம். பிறகு ஸ்பீக்கரில் ஒரு இத்தாலிக்காரர் பேசினார். சிரிக்கிறார், இருமுகிறார், எல்லாம் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி. மேலே மேகம் வந்தது, போனது. குரல் அசையவில்லை. பேரன் திரையில் ஏதோ எண்ணைப் பார்த்து, "இன்னும் ரெண்டு ஹெர்ட்ஸ் தள்ளி இருக்குதுங், திருத்தட்டுமா?" என்றான்.

நான் உள்ளே போய் அலமாரியில் நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.